புளூடூத்தில் வந்த தம்பி

"மைக்தானே பழுது அண்ணன்? ஏன் போனை முழுசா அழிக்கிறீங்க?" என்று றோஸ்மேரி கேட்டாள்.

"சொப்ட்வெயர் அடிச்சாத்தான் சரிவரும் புள்ள," என்றார் நல்லரத்தினம்.

"நேற்று சார்ஜர் குத்துற இடம் உடைஞ்சு வந்ததுக்கும் அதைத்தான் சொன்னீங்க. ஆக்கள்ட பாட்டு, படம் எல்லாம் போகுது. களுவாஞ்சிக்குடியில உங்களுக்கு என்ன பேர் தெரியுமா? அழிரப்பர்."

"வெக்கட்டும். நல்ல பேர்தான்."

வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தப் போனிலிருந்த வீடியோவை ஓடவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார். வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்கிடையே, கைகள் பின்னால் கட்டப்பட்ட ஒருவன் முழந்தாளில் நின்றான். மண்வெட்டிப் பிடியால் அவன் வாயில் அடித்தார்கள். இரத்தத்தோடு பல் விழுந்தது. படம் பிடித்தவன் சிரித்தான். பின்மண்டையில் வெடி. விழுந்த முகத்துக்குக் கிட்டக் குனிந்து நின்றது கமரா.

"ஆர் அண்ணன் இது?"

"என்ட தம்பி. தங்கராசா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கட்டாருக்குப் போயிற்றான் எண்டு சொல்லி வெச்சிரிக்கன்."

அது இரண்டாயிரத்து ஏழு, யுத்த காலம். அந்தக் கொமியூனிகேசன் கடையில் இன்டர்நெட்டும் போட்டோகொப்பியும் றோஸ்மேரியின் பொறுப்பு. மூலை மேசை நல்லரத்தினத்தினுடையது. ரேடியோ திருத்தி, வீடியோ டெக் திருத்தி, கடைசியில் போனுக்கு வந்தவர். முன்பெல்லாம் சுட்டுப் போட்ட பிணத்தைப் பார்க்கச் சந்திக்குப் போகவேண்டும். கமரா போன் வந்தபின் அது சட்டைப்பைக்கே வந்தது. பஸ்ஸில், கள்ளுக்கொட்டிலில், கலியாண வீட்டில் புளூடூத்தைப் போட்டால் போதும். செத்தவன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. புதுசு யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் மதிப்பு.

சண்டைபிடித்த இரண்டு பக்கத்தாரின் இணையத்தளங்களும் தங்கராசாவின் வீடியோவைப் போட்டிருந்தன. ஒன்றில் தங்கராசா அப்பாவி, மற்றதில் துரோகி. இரண்டிலும் பெயர் இல்லை. பக்கத்திலேயே புதுப் போன் விளம்பரம் மினுங்கியது. எடுத்துவிடும்படி றோஸ்மேரி ஆங்கிலத்தில் எழுதினாள். குடும்பத்தவர் என்பதற்கு அடையாள அட்டை அனுப்பச் சொல்லி ஒரு தளம் பதில் போட்டது. அனுப்பினால் அடுத்த வீடியோ நல்லரத்தினத்தினுடையதாகிவிடும். மற்றத் தளம் பதிலே போடவில்லை.

அதனால்தான் கைக்கு வந்த போனையெல்லாம் அழித்தார். பக்கத்து ஊரான குருக்கள்மடத்தில் தாய் சீதேவிப்பிள்ளையிடமும், மகள் சவூதியிலிருந்து அனுப்பிய கமரா போன் ஒன்று இருந்தது. போன் எதைக் கேட்டாலும் 'ஓம்' அமத்துகிற மனுசி அவர். மகன் சாவது அவர் கைக்குள் வந்துவிடக்கூடாது என்பது ஒன்றுதான் நல்லரத்தினத்தின் கவலை.

ஒரு நாள் தண்ணீர் உள்ளே போன போன் ஒன்று வந்தது. காயவைத்தார், உயிர்ப்பித்தார், அழித்தார். பின்னேரம் அதன் சொந்தக்காரன் துவக்கோடு வந்தான். கூட இருவர்.

"என்ட வீடியோ எங்கடா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பிலிருந்து றோஸ்மேரிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தங்கராசா சாவதைப் படம் பிடித்தவனே இவன்தான்.

"சொப்ட்வெயர் அடிச்சா எல்லாம் போகும் தம்பி."

"எல்லார்ட போனுக்கும் அடிக்கிறியாமே! அழிரப்பருக்கு இனிக் கை எதுக்கு?"

கூட வந்தவர்களில் ஒருவன் அவர் வலக்கையை மேசையில் விரித்துப் பிடித்தான். மற்றவன் துவக்கை வாங்கித் திருப்பிப் பிடித்தான்; சோங்கு இறங்கியது. ஒவ்வொரு விரலாக. எலும்பு நெரியும் சத்தம் போட்டோகொப்பி மெசினோடு ஒட்டிநின்ற றோஸ்மேரிக்குக் கேட்டது. போனின் சொந்தக்காரன் வேறொரு போனை எடுத்துப் படம் பிடித்தான்.

"அவன் என்ட தம்பிடா!" நல்லரத்தினம் கத்தினார். "என்ட கூடப்பிறந்தவன்டா!"

கத்தியபிறகுதான், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கே விளங்கியது.

அவன் இன்னும் சிரித்தான். "அப்ப மறுகா என்ன, நல்லதாப் போச்சு. தம்பிட வீடியோ என்ட பொடியன்கள்ட்ட இன்னும் இரிக்கு. ரெண்டையும் சேத்து விடுறன். அண்ணனும் தம்பியும்."

அவர்கள் போனபின் றோஸ்மேரி தன் சால்வையால் அந்தக் கையைச் சுற்றினாள். சுற்றச் சுற்றத் துணி சிவந்தது. பொழுதுபட முன்னரே அந்த வீடியோ குருக்கள்மடத்துக்குப் போய்விடும். அண்ணன் முகமும் சேர்ந்து வருவதால், செத்தவன் யாருடைய மகன் என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்கிறன் அண்ணன்."

"நான் தனியப் போவன்." இடக்கையால் வாசலைக் காட்டினார். "புள்ள, நீ அம்மாட்டப் போ. போன் காட்ட முதல் நீ வாயால சொல்லு. எனக்கு வாய் வராது. நீ தேவையில்லாமக் கதைக்காத ஆள், அதுதான் கேக்கன். செத்துட்டான் எண்டு மட்டும் சொல்லு. எப்படி எண்டு சொல்லாத."