பஸ்ஸில் போன பிள்ளை

கலியாணமான மூன்றாம் மாதம், புதுக்கடையில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்த என்னைக் கூட்டிப் போக மாமியார் வந்தாள். தோவாளைக்குப் பஸ்ஸில் போனோம். அதற்கு முன் நான் அதிகம் பஸ் ஏறினதில்லை.

புது மருமகள் வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாதென்று மாமியார் சொன்னதால், முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்த்தாண்டம் வருமுன்பே வாயில் எச்சில் ஊறியது. உள்ளங்கை குளிர்ந்து வியர்த்தது. தக்கலையில் மடியிலேயே வாந்தியெடுத்தேன்.

மாமியார் முகம் மலர்ந்தது. "ஏட்டி, நாள் தள்ளியிருக்கா?"

"அஞ்சாறு நாள், மாமி."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். புதன்கிழமை எனக்கு மாதத் தூரம் வந்தது.

"அம்மைக்க வீட்டுல என்னத்தத் தின்னே? அன்னாசியா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு உபதேசியார் என் பாவத்துக்காக ஜெபம் பண்ணினார். நான் தலைகுனிந்து ஆமென் சொன்னேன்.

சில மாதம் கழித்து, என் கர்ப்பப்பையில் கோளாறு உண்டா என்று பார்க்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் மறுபடி வாந்தி. டாக்டரம்மா எல்லாம் விசாரித்துவிட்டுச் சிரித்தாள். "காதுக்குள்ள சின்னச் சின்னக் குழல்ல தண்ணி இருக்கு. வண்டி ஆடுனா அதுவும் ஆடும். உடம்பு ஓடுதுன்னு காது மூளைக்குச் சொல்லுது. சீட்டையே பாக்குற கண்ணு, இல்ல, சும்மாதான் இருக்கோம்னு சொல்லுது. மூளை குழம்பி வயித்தப் புரட்டிடுது. அன்னைக்கும் இதுதான். பிள்ளையே உண்டாகல. தூரத்துல பாத்துக்கிட்டே போ, குறையும்."

திரும்பும்போது வேளிமலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குமட்டல் லேசாக இருந்தது, வாந்தி வரவில்லை. அவரும் அதைப் பார்த்தார்.

"மாமிகிட்ட சொல்லுங்க," என்றேன்.

"சொன்னா அம்மை ஊர்ல கள்ளம் சொன்னதா ஆகிரும். விடு."

நானே சொன்னேன். "காதுக்கும் வயித்துக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று மாமியார் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மறுவருஷம் மகன் பிறந்தான். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த பெண்களிடம் அவள் சொன்னாள்: "இது ரெண்டாவது. மூத்தத பஸ்ஸுல போக்கிட்டா."

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். பந்தியில் இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போனார்.