இடது பக்கத்துப் பெடல்

குழாய் வேலை செய்கிறவர்கள் மத்தியில் அவருக்குப் பட்டப்பெயர் 'ரெஞ்சு'. வயது ஐம்பத்திரண்டு. கையில் ஒரு ரெஞ்சு இருந்தால் எந்த இறுக்கமும் தனக்கு அடங்கிவிடும் என்கிற நினைப்பு அவருக்கு உண்டு. முப்பது வருஷமாக அந்த நினைப்பு பெரும்பாலும் பலித்தும் வந்திருக்கிறது. அதனால் அது கூடிப்போனதே தவிரக் குறையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் பெரிய ஆஸ்பத்திரியில் அவரை மாதச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். இனிமேல் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைய வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. ஆபரேஷன் அறைக்குப் போகிற தண்ணீரைக் காலை ஆறு மணிக்குத் திறந்து பார்த்தாக வேண்டும். முன்பிருந்த ஆள் இரண்டு நாள் தாமதமாக வந்தார், மூன்றாம் நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்றார் சூப்பர்வைசர். திங்கட்கிழமை முதல் நாள். ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோமீட்டர். முதல் பஸ் கிளம்புவதே ஆறேகாலுக்கு.

மாடி அறையில் இருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பைக் வைத்திருந்தான். "நான் கொண்டுபோய் விடுறேன் மாமா" என்று தாராளமாகச் சொன்னான். எட்டு மணிக்கு முன்னால் அவன் கண் திறந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் ரெஞ்சு பழைய இரும்புக் கடைக்குப் போனார். தையல் வேலையில் சேர்த்த காசை மனைவி கொடுத்திருந்தாள். இதற்கு மேல் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தாள். குவியலுக்கு அடியில் ஒரு கறுப்பு சைக்கிள் கிடந்தது. பிரேம் நேராக இருந்தது, ரிம் அரிக்கவில்லை; மற்றதெல்லாம் உயிர் போன கணக்குத்தான். எடை போட்டுத்தான் விற்பேன் என்றார் கடைக்காரர். ரெஞ்சு உடனே செயின் கவரையும் மட்கார்டுகளையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அப்படியே டயர்ல இருக்கிற மண்ணையும் தட்டிடுங்க" என்றார் கடைக்காரர்.

தட்டிவிட்டுத்தான் தராசில் ஏற்றினார்.

வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். பால்ரஸ் குண்டுகளைக் கழுவி, தேய்ந்ததை ஒதுக்கி, நல்லதைப் புதுக் கிரீஸில் பதித்தார். சக்கரத்தைச் சுழலவிட்டுக் கம்பி கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுத்தார். பின் டயரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்பக்கமாகப் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து அடைத்தார். தையல் மெஷினின் எண்ணெய்ப் புட்டி அவர் கைக்குப் போனதை மனைவி பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். மிச்சமிருந்த காசில் தெருமுனை சைக்கிள் கடையில் பிரேக் கட்டையும் ஒரு ஜோடி பெடலும் வாங்கினார். அத்தோடு கை காலி.

வலது பெடல் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்றது. இடது பெடல் அசையவில்லை. துரு என்று எண்ணெய் விட்டார். பிறகு ஸ்பானரில் மூன்றடிக் குழாயைச் செருகினார். மச்சானைக் கூப்பிட்டு, வண்டியை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, தன் முழு எடையையும் குழாயின் மேல் போட்டார். டக்கென்று ஒரு சத்தம். பெடலின் அச்சு முறிந்து கையோடு வந்தது. அதன் திருகு மரை, பெடலைத் தாங்குகிற கிராங்கு இரும்புக்குள்ளேயே இறுகி நின்றுவிட்டது.

"முடிஞ்சுதா மாமா?" என்றான் மச்சான். வண்டியைக் கேட்டானா, ஆஸ்பத்திரி வேலையைக் கேட்டானா தெரியவில்லை.

மனைவிதான் புதுப் பெடல்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள். துணியின் சாய்வு பார்த்து வெட்டுகிற கண் அவளுடையது.

"என்னங்க, இது ரெண்டும் ஜோடியே இல்ல. இதுல மரை இந்தப் பக்கம் சாயுது, அதுல அந்தப் பக்கம் சாயுது. உங்க தலையில கட்டிட்டான்."

பார்த்தார். ஆமாம். அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலமே கடை அடைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கும்போதே வண்டியோடு போய் நின்றார். ஒன்றுக்கொன்று சேராத பெடலை விற்கிறாயா, மூன்றடிக் குழாயைப் போட்டும் பழசு கழலவில்லையே, நான் மரையைப் பார்க்காத ஆளா என்று பிடித்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் முழுசாகக் கேட்டார். பிறகு கிராங்கில் சிக்கிய துண்டைக் குனிந்து பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார்.

"எல்லா சைக்கிள்லயும் இடது பெடலுக்கு எதிர் மரைதான் அண்ணே. இல்லைன்னா மிதிக்க மிதிக்கத் தானா கழண்டுடும். நேத்து நீங்க கழட்டல, இறுக்கியிருக்கீங்க. தெரியாதவன்னா எங்கிட்ட வந்து கேட்டிருப்பான். குழாய் வேலைக்காரர்தான் மூணடி பைப்பைப் போட்டு நிப்பாரு."

ரெஞ்சு தானும் குனிந்து கிராங்கை ஒருமுறை பார்த்தார். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்பது ஒரு பக்கம். கிராங்கு வாங்கக் காசு இல்லை என்பது இன்னொரு பக்கம். கடையின் பின்னால் பஞ்சர் தொட்டிக்கு மேலே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாளி வைத்திருந்தார்கள், அது நிரம்பி வழிந்திருந்தது.

"இது எத்தனை நாளா?"

"ஆறு மாசமா. வரேன்னு சொன்னவன் வரல."

"பழைய கிராங்கு ஒண்ணு கொடுங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

அரை மணி நேரத்தில் சொட்டு நின்றது. பழைய சாமான் டப்பாவிலிருந்து ஒரு கிராங்கு எடுத்துக் கடைக்காரரே மாட்டிக்கொடுத்தார். இடது பெடலை மட்டும் நீங்களே முடுக்குங்கள் என்றார். ரெஞ்சு எதிர்ப்பக்கமாக, கையாலேயே, மெதுவாக முடுக்கினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவன் ஏமாற்றவில்லை, நாம்தான் தப்பு என்றார். 'நாம்' என்று அவர் சொன்னதை மனைவி கவனித்தாள். ஆனால் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்குக் கிளம்பினார். மேட்டில் இறங்கித் தள்ளவில்லை. மூச்சு வாங்கியது, வாங்கட்டும் என்று மிதித்தார். பின் டயரின் ஒட்டு சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு தட்டுத் தட்டியது. ஆனால் தாங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் கால் ஊன்றியபோது ஆறுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பம்ப் அறைச் சாவியை நீட்டினார். ரெஞ்சு கிரீஸ் கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.