காசிமாயன் போட்ட செடி

காசிமாயன் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. டூரிஸ்ட் வேன் ஓட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. "இடது பக்கம் பாருங்க, அணை. வலது பக்கம் பாருங்க, யானை எறங்குற தடம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார். எங்கள் பனியன் கம்பெனி ஆட்களை ஒருமுறை வால்பாறைக்குக் கூட்டிப்போனபோது, தூங்கிவிட்ட என்னையும் எழுப்பி ஒரு பாறையைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் பாறையைக் காட்டுகிறாரே என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே அடுத்த பாறையையும் காட்டினார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். அவரும் மனைவி சீனியம்மாளும் எங்கள் லைன் வீட்டில் கடைசி வீடு, நான் அதற்கு முந்தைய வீடு. தீபாவளி லீவென்றால் கொடைக்கானல், ஊட்டி என்று அவர் வேன் நிற்காது. பிறகு கொரோனா வந்தது. மலைப் பாதைகளை அடைத்தார்கள். திறந்தபோது இ-பாஸ் கேட்டார்கள். அதெல்லாம் தீர்ந்த பிறகும் எந்தக் கம்பெனியும் டூர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தெருமுனையில் நின்ற வேனுக்குள் நாய் குட்டி போட்டது. கடைசியில் பல்லடம் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில் அதைக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு வந்தார். அன்று ஒரு நாள்தான் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தேன்.

அதன்பின் எப்போதாவது யாராவது ஆக்டிங் டிரைவராகக் கூப்பிட்டால் போவார். அந்தச் சம்பாத்தியம் வாடகைக்கே சரியாகப் போயிற்று. வீட்டை இழுத்தவள் சீனியம்மாள்தான். வீரபாண்டியில் ஒரு பிளீச்சிங் பட்டறையில் வேலை. துணி வெளுக்கிற அந்த மருந்து வாடை துணியில் ஏறுகிறதோ இல்லையோ, ஆளின் நெஞ்சில் ஏறிவிடும். இருமலில் ஆரம்பித்தது. பிறகு பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இனிமேல் அந்த வாடைக்குள் போனால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செக்கிங் வேலைக்குக் கேட்டுப் பார்த்தோம். நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலைக்கு மூச்சு வாங்குகிறவளை எவன் வைத்துக்கொள்வான்? அண்ணனுக்கு அப்போதிலிருந்து ஒரே கவலை. அவள் திரும்பவும் அந்தப் பட்டறைக்குப் போய்விடக் கூடாது.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து சித்ரகலா மேடம் வந்தார். கொரோனாவில் சுற்றுலாத் தொழில் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. மற்ற டிரைவர்கள் கேள்வி என்றதும் நழுவிவிட, இவர் மத்தியானம் ஆரம்பித்து விளக்கு வைக்கிற வரை பேசினார். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து மேடம் எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனுஷி, அதில் குறை சொல்ல முடியாது.

அவர் கையில் அடுத்த புராஜெக்ட் ஒன்றும் இருந்தது. குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அறுத்து, தண்டைக் காயவைத்து, பையும் தொப்பியும் பின்னி மலை ஊர்களில் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்பது. தொழில் இழந்தவர்களுக்குத் தொழில், குளத்துக்கும் விமோசனம். அண்ணன் அறுத்துக்கொண்டு வருவார். சீனியம்மாள் வாசலில் உட்கார்ந்து பின்னுவாள். சாக்கடை கலந்த எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கி இறங்கி அண்ணனுக்குக் கால் முழுக்க அரிப்பு. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏனென்றால் சீனியம்மாளின் இருமல் அடங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் பின்னிக்கொண்டே அவள் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவளுக்கு இன்னொரு உபகாரியும் இருந்தார். நல்லான். பல்லடத்துப் பக்கம் சின்னக்குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் மீன் விற்க வருவார். வலையில் நண்டு சிக்கினால் விற்கமாட்டார், சீனியம்மாளுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்.

"ரசம் வெச்சுக் குடிச்சுப் பாருங்கம்மிணி. எளப்புக்கு நல்லதுங்க" என்பார். நான் கேட்டால் மட்டும் நண்டே இல்லை என்பார். எனக்கு இளைப்பு இல்லையே.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் ஊருக்குத் திடீரென்று அண்ணன் அறுக்கும் குளத்தின் மேல் அக்கறை வந்தது. தன்னார்வலர்கள் பொக்லைன் கொண்டுவந்து ஆகாயத்தாமரையை வேரோடு வழித்து எறிந்தார்கள். கரையில் நின்று எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். அண்ணன் மட்டும் வெயிலில் கிடந்த செடிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கு தொடர்ந்து கிடைத்தால்தான் அடுத்த வருடத்துக்கும் புராஜெக்டை நீட்டிக்கச் சொல்லிக் கேட்க முடியும் என்று மேடம் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்.

பயிற்சியின் முதல் நாளே மேடம் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. இந்தச் செடியை அறுக்கலாம், காய வைக்கலாம், பின்னலாம். ஆனால் வேறு எந்தத் தண்ணீரிலும் ஒரு துண்டுகூடப் போடக் கூடாது. போட்டால் குளமே மூடிவிடும். அண்ணனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தார். விடிகாலையில் டிவிஎஸ் வண்டியில், அந்தக் குவியலில் பொறுக்கிய செடிச் சாக்கைக் கட்டிக்கொண்டு போய், சின்னக்குளத்தின் ஓரத்தில் நாலைந்து செடிகளை விட்டுவிட்டு வந்தார். இதை எங்களிடம் அவர் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

மழைக்குக் கோழிப்பண்ணைக் கழிவெல்லாம் அடித்துக்கொண்டு வந்து சேர்கிற குளம் அது. செடி கொழுத்தது. சின்னக்குளத்திலும் ஆகாயத்தாமரை வந்துவிட்டது என்று அண்ணன் மேடத்திடம் சொன்னார். எப்படி வந்தது என்று அவர் கேட்க, வெள்ளத்தில் வந்திருக்கும் என்றார். நல்லானிடம் போய் அறுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். தாராளமாக அறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர், தான் ஏறி மிதந்து மீன் பிடிக்கிற லாரி டியூபையும் கொடுத்தார். வாசலில் பின்னல் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் செடி பூத்து, குளம் ஊதா நிறமாயிற்று. திருப்பூரிலிருந்து இளவட்டங்கள் பைக்கில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நாலு சாத்து சாத்த வேண்டும்போல எனக்கு இருந்தது.

அடுத்த வருடம் புராஜெக்ட் முடிந்தது. மேடம் நேரில் வந்து சொன்னார். நிதி நின்றுவிட்டது, ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனி அரசாங்கம்தான் எடுத்து நடத்த வேண்டும். பிறகு அரசாங்கமும் வரவில்லை, பை வாங்கவும் ஆள் வரவில்லை. அறுக்க ஆளில்லாத செடி கரையிலிருந்து கரைக்குப் போயிற்று. சீனியம்மாள் பழைய பட்டறைக்கே போனாள். அவளைத் தடுக்க அண்ணன் வாசலில் குறுக்கே நின்றார்.

"வழியை விடுங்க. வீட்ல ஒலை வைக்க வேணாமா?" என்று அவரை ஒதுக்கிவிட்டு அவள் பஸ் ஏறினாள். இருமல் பத்தே நாளில் திரும்பி வந்தது.

சின்னக்குளத்து மீன்கள் மூச்சு முட்டி மிதந்தன. மிச்சத்தையாவது பிடித்துவிடலாம் என்று ஒரு காலையில் நல்லான் டியூபில் ஏறி உள்ளே போனார். வலை வேரில் மாட்டிக்கொண்டதாம். அதை எடுக்கத் தண்ணீரில் இறங்கினாராம். டியூப் மட்டும் செடிகளுக்கு நடுவே நின்றது.

தீயணைப்பு வண்டி வந்தது. ரப்பர் படகை அந்தச் செடி மெத்தைக்குள் தள்ள முடியவில்லை. இந்தச் செடிக்குள் போய்ப் பழகியவர் காசிமாயன் என்று யாரோ சொல்ல, ஆள் அனுப்பினார்கள். நாங்களும் கூடவே ஓடினோம். அண்ணன் அரிவாளோடு இறங்கி, அறுத்து அறுத்து வழி பண்ணிக்கொண்டு போனார். கரையில் நல்லானின் மனைவி பழனாத்தாள் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து அண்ணனின் குரல் கேட்டது.

"இடது பக்கம். இடது பக்கம் இருக்காரு."

மூன்றாம் நாள் நாங்கள் மூவரும் துக்கம் கேட்கப் போனோம். பழனாத்தாள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க இல்லீன்னா அவரு மொகத்தக்கூடப் பாத்திருக்க மாட்டேனுங்க" என்றாள். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தாயி, என்னையக் கும்பிடாத. அந்தச் செடியக் கொண்டாந்து போட்டதே நாந்தேன்" என்றார். அதுவரை அது எனக்கும் தெரியாது, சீனியம்மாளுக்கும் தெரியாது. என்ன மனுஷன் இவர் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பழனாத்தாள் கத்துவாள், அடிப்பாள், அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, சீனியம்மாளைப் பார்த்தாள்.

"தெரியுமுங்க. அன்னிக்குக் காத்தால இவரு சாக்க அவுத்துப் போட்டத எங்க ஊட்டுக்காரரு கரையில நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தாரு. அப்பவே புடுங்கி எறீங்கன்னு நாஞ் சொன்னனுங்க. அந்தம்மிணி மூச்சுக்குத் தவிக்கறது பாவமா இருக்குது, நாலு செடி கெடந்தாக் கெடந்துட்டுப் போகுதுன்னு உட்டுட்டாருங்க."

சீனியம்மாளுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முகம் சிவந்து கண்ணில் நீர் இறங்கியது. அந்த வீட்டுக்குள் இருமுவதற்கு அவளுக்குக் கூசியது.