வாட்ச்மேன் போனில் சகினா

சிந்தாதிரிப்பேட்டையில் புத்தகம் பைண்டிங் பண்ணிய நூர் முஹம்மதுவின் மூத்த மகள் சகினா. புருஷன் விட்டுவிட்டுப் போனதும், மூன்று வயது மகள் இஃப்ராவைத் தங்கை நஸ்ருன்னிசாவிடம் ஒப்படைத்துவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இருபத்து நான்கு வருஷம் யார் வீட்டு அடுப்படியிலோ கிடந்தாள். அந்தச் சம்பளத்தில் படித்த இஃப்ராவுக்கு இன்று கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம், அபிராமபுரத்தில் ஃபிளாட்.

சகினா திரும்பி வந்து பத்து நாள். அங்கே தெருவில் இறங்கவே விட்டதில்லை. இங்கே கீரைக்காரியோடு பேரம் பேசுவதே பெருநாள் மாதிரி இருந்தது. அதுவரை மகளோடு வெளியே போய் வந்தவள், அன்றுதான் தனியாக மயிலாப்பூர் வரை நடந்து, கீரையும் கத்தரிக்காயுமாக வந்து லிஃப்டில் கால் வைத்தாள்.

"இன்னாம்மா, அதுல ஏறாத. வேலைக்காரங்களுக்கு அந்தாண்ட சின்ன லிஃப்ட் கீது," என்றான் வாட்ச்மேன் கணேசமூர்த்தி.

"நான் இஃப்ராவோட அம்மாப்பா."

அவன் சிரித்தான். "உள்ள வர்றவங்க லிஸ்டுல உன் போட்டோவே இந்தப் போன்ல கீது. நாலாவது மாடி, சகினா, வீட்டு வேலை. அந்த இஃப்ரா மேடம்தான் போட்டுக்கீறாங்க. என்னை ஏன் வம்புல மாட்டுற?"

சின்ன லிஃப்டில் குப்பைக்கூடையோடு மேலே போனாள். மகள் ஏதோ தெரியாமல் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

"விருந்தாளின்னு போட்டா ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் வரும்மா. இப்படின்னா நேரா உள்ள வரலாம்," என்றாள் இஃப்ரா.

"குடும்பம்னு போட அதுல இடமில்லையா?"

"இருக்கு. நாலு பேர் கேப்பாங்க. அம்மா வெளிநாட்டுல டீச்சர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பெல் அடித்தது. எதிர் வீட்டு சாருலதா.

"உங்க வேலைக்காரம்மா வாசலை நன்னா தொடைக்கறா இஃப்ரா. எங்காத்துக்கும் காலம்பற ஒரு மணி நேரம் அனுப்புவியா?"

சகினா கீரைக்கட்டைப் பிடித்தபடி மகள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும். இப்போதாவது சொல்லிவிடுவாள்.

"கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி."

கதவைச் சாத்திவிட்டு இஃப்ரா சொன்னாள்: "நீயும் சும்மாதானேம்மா இருக்க. மாட்டேன்னா சந்தேகம் வரும்."

சகினா கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "சமையலா, பாத்திரமா?"

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே இஃப்ரா சொன்னாள்: "ரெண்டும்தான் இருக்கும்."