கசாப்புக்காரன் கலூலேயின் கை நடுக்கம்

முக்கோனோ சந்தையில் என் தக்காளிக் கடையை ஒட்டியது கலூலேயின் கறிக்கடை. கறியில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்ட யோசிக்கிற சாது. அவன் கை நடுங்க ஆரம்பித்ததும் சந்தையே கண்ணால் பேசிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குக் கை நடுங்கினால் காரணம் ஒன்றுதான்: மாமியாரைத் தொட்டுவிட்டான். மாமியார் முகத்தையே நேராகப் பார்க்கக் கூடாத ஊரில் இதைவிட அசிங்கம் உண்டா?

மாமியார் யாயேரி அப்போது அவன் வீட்டில்தான் இருந்தாள். கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரி போய்வர வந்தவள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பதே முறையில்லை, ஆனால் வேறு போக்கிடம் இல்லை. அறைக்கு நடுவில் திரைச்சீலை கட்டி, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் கலூலேயும் அவன் மனைவி நம்பூசேயும். திரை முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி டிவி. சாயங்காலமானால் கொலைத் தொடர்.

யாயேரிக்கு வாய் சும்மா இருக்காது. போலீஸ்காரனை மடையன் என்பாள், கொன்றவன் யாரென்று பாதியிலேயே சொல்லித் தொலைப்பாள். ஒருநாள், "அமைதியா இருக்கான் பாரு, அந்தக் கசாப்புக்காரன், அவன்தான்" என்றாள். கலூலேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையைக் கிழித்துக்கொண்டு போய், கத்தியை அவள் கழுத்தில்... டிவியில் பார்த்தது அப்படியே மனதில் ஓடியது. 

வேண்டாம் வேண்டாம் என்றால் அந்த எண்ணம் இன்னும் கூடியது. வீட்டுக் கத்திகளை எல்லாம் கடைக்குக் கொண்டுவந்துவிட்டான். நம்பூசே வாழைக்காய் உரிக்கப் பக்கத்து வீட்டில் கத்தி இரவல் வாங்கினாள். கடையில் எலும்பு வெட்டும்போது அவன் கை நடுங்கும். "தொடர்ல எல்லாரும் முதல்ல நினைக்கிறாங்க, அப்புறம் செஞ்சிடுறாங்க அக்கா. நானும் செஞ்சிடுவேனோன்னு பயமா இருக்கு" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.  போடா பைத்தியக்காரா என்று திட்டி அனுப்பினேன். வேறென்ன சொல்ல?

சந்தைப் பேச்சு நம்பூசேயின் காதுக்கும் போயிற்று. துணிமணியை மூட்டை கட்டி, அம்மாவையும் கிளம்பச் சொன்னாள். தொட்டாயா இல்லையா, வாயைத் திற என்று கலூலேயைக் கேட்டாள். தொட்டேன் என்றால் பெண்டாட்டி போய்விடுவாள்; இல்லையென்றால் நடுக்கத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். கலூலே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொல்லிவிட்டான்.

"அம்மா, உங்களைத் தொடலை. ஆனா கொல்ற மாதிரி நினைப்பு வருது. தினமும் வருது. நிறுத்த முடியலை."

நம்பூசே மூட்டையை நழுவவிட்டாள்.  

"அவ்வளவுதானா?" என்றாள் யாயேரி, திரைக்கு அந்தப் பக்கமிருந்து. "நான் இவ அப்பனை மனசுக்குள்ள எத்தனை தடவை உலக்கையால அடிச்சிருக்கேன். அந்த மனுஷன் வயசாகிக் காய்ச்சல்ல போனான். நினைச்சிட்டு, பயந்து, எழுந்து போய் அடுப்புப் பத்த வைக்கிறவளை டிவியில காட்ட மாட்டாங்க, மாப்பிள்ளை. யார் பார்ப்பா?"

பிறகு திரைக்கு அடியில் ஏதோ உரசியது. இரவல் கத்தி. கைப்பிடி அவன் பக்கம் இருந்தது.

"மழுங்கிப்போச்சு. தீட்டிக் குடுங்க."

அவன் தீட்டினான். எண்ணம் அப்போதும் வந்ததாம். கையும் நடுங்கத்தான் செய்தது. தீட்டி முடித்து, கைப்பிடியை அவள் பக்கம் திருப்பித் தரையில் வைத்தான். யாயேரி அதை எடுத்து வாழைக்காய் உரிக்க உட்கார்ந்தாள்.