வெர்லினின் ஒன்பது கப்பல்கள்

வெர்லின் ஆஸ்கார்ட் இறந்த மூன்றாம் வாரத்திலிருந்து அவருடைய கப்பல்கள் வீடு திரும்பத் தொடங்கின.

1975இல் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய், வழுக்கிக் கால் முறிந்து படுத்திருந்தபோது அவர் கற்றுக்கொண்ட வேலை அது. கறுப்பு வெல்வெட் ஒட்டிய பலகையில் சிற்றாணிகளை அடித்து, ஆரஞ்சு நூலை ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டினால் ஒரு பாய்மரக் கப்பல். கால் குணமானபிறகும் கை ஓயவில்லை. சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் ஒரு கப்பல்தான் பரிசு. அவர்கள் இருந்த பெமிட்ஜி ஊர்ப் பக்கத்து ஆட்கள் எதையும் நன்றாயில்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். "வித்தியாசமா இருக்கு, வெர்லின்" என்பார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அடுத்த பலகையை அறுக்கப் போய்விடுவார். அவர் வண்டி தெருமுனையில் தெரிந்தால் கப்பல் சுவரேறும்; அவர் கிளம்பியதும் கட்டிலடிக்குப் போய்விடும். இது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

இப்போது ஒவ்வொருவராக அவர் மனைவி ஆர்டிஸைத் தேடி வந்தார்கள். "இது உன்கிட்டதான் இருக்கணும், ஆர்டிஸ். அவரோட ஞாபகமாச்சே." ஒரு கையில் கப்பல், மறுகையில் ஒரு தட்டு கேக். ஏழு வந்தன. அவள் வீட்டிலிருந்ததோடு எட்டு.

அவளுக்கும் அது பிடித்ததில்லை. சோபாவுக்கு மேலே அதை மாட்டி, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தே நாற்பத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். ஆனாலும் அவர் வண்டி வரவே வராத இந்த நாட்களிலும், அவர் கைவேலையை ஒருவராவது மனசார மாட்டி வைத்திருக்க மாட்டார்களா என்றிருந்தது.

வீடுகளை அலங்கரிக்கும் வேலையில் இருக்கும் கொழுந்தன் மகள் பிரிட்டா வந்து, எட்டையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள்.

"பெரியம்மா, ஆணி ஒரு தப்பும் பண்ணல. அந்த நூலும் வெல்வெட்டும்தான் கண்ணைக் குத்துது."

ஆர்டிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். நூலை அறுத்து, ஆணிகளுக்கு நடுவிலிருந்து வெல்வெட்டைக் குறடால் கிழித்தெடுத்தாள். அடியில் வெளிர்நிறப் பலகை அத்தனை அழகாக இருந்தது. பாய்களை விட்டுவிட்டு, கப்பலின் அடிவளைவுக்கும் நீர்க்கோட்டுக்கும் மட்டும் வெள்ளை நூல் கட்டினாள். ஒரு மாதத்தில் எட்டும் முடிந்தன.

காப்பிக்கு வந்த யாரும் வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றார்கள்.

"உன்னோடதுதான், எடுத்துட்டுப் போ. பிடிச்சா மட்டும் மாட்டு. யாரும் சோதிக்க வரப்போறதில்ல."

கடைசியாக வெர்லினின் தம்பி லோவெல் ஒன்பதாவது கப்பலோடு வந்தார். "இது முங்கவும் மாட்டேங்குது, கரை சேரவும் மாட்டேங்குது" என்று அந்தக் கப்பலைக் காலமெல்லாம் கேலி செய்தவர். ஆர்டிஸ் மேசையில் வைத்து முதல் நூலைக் கத்தரிக்கப் போனாள். மீன் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் அடித்தன. வெல்வெட் சாம்பலாக வெளுத்திருந்தது. நூலை லேசாக நகர்த்தினால் அடியில் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. கட்டிலடியில் கிடந்த எதுவும் இப்படி வெளுத்திருக்கவில்லை.

"எங்க மாட்டியிருந்த?"

"ஏரி உறைஞ்சதும் மீன் பிடிக்கப் பனிமேல நிறுத்துவேனே, அந்தக் குடிசையில. ஜன்னலுக்கு எதிர்ல."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து."

கால் முறிந்தபிறகு வெர்லின் உறைந்த ஏரியில் அடியெடுத்து வைத்ததில்லை.

"அவர் வரவே மாட்டாரே அங்க."

"வரமாட்டான்தான்." லோவெல் தன் தட்டிலிருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சுவர் வெறுமையா இருந்துச்சு."

"பின்ன ஏன் கொண்டாந்த?"

"எல்லாரும் குடுத்தாங்க. நான் மட்டும் வச்சுக்கிட்டா நல்லா இருக்காதேன்னு."

ஆர்டிஸ் கத்தரிக்கோலை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"இருந்த இடத்துலயே கொண்டுபோய் மாட்டு."

"எனக்கு மட்டும் புதுசா பண்ணித் தரமாட்டியா?"

"மாட்டேன்."

லோவெல் கப்பலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். சோபாவுக்கு மேலிருந்த வெள்ளைக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவும் மோசமில்ல" என்றார்.

அந்த ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆர்டிஸ் அவருக்கு இரண்டாவது துண்டு கேக் வெட்டினாள்.