படுதாவுக்குப் பின்னால் ஒரு குரல்

உதடுகள் படபடக்கும் சத்தம். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மகள் பாடுவதற்கு முன் குரலைத் தயார் செய்கிறாள்: ப்ர்ர்ர், ப்ர்ர்ர். "என்னடி, ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகலையா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள் என் மனைவி. அவள் இறந்துபோய் மூன்று வருடம். இன்னமும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு வீடு ஒரு கணம் காது கொடுத்து நிற்கிறது.

நாங்கள் குடியிருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து அரைமணி நேரம் போனால் வரும் ஓபரா கம்பெனியில் மகள் கோரஸில் பாடுகிறாள். இந்த சீசனில் அவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பழைய இத்தாலியச் சோகம், ஷூவால் தாளம் தட்டும் ஒரு மியூசிக்கல் காமெடி, குழந்தைகளுக்கு ஒரு பொம்மை நாடகம். கடைசியாக, புதிதாக எழுதிய ஒன்று. அதில் இறந்துபோன ஒரு தாய் மேடைக்கே வரமாட்டாள். படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும், வார்த்தையில்லாமல். அந்தக் குரல் என் மகளுக்குக் கிடைத்தது.

போன சனிக்கிழமை மதியம் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே மனைவி ஒரு ராகத்தை முணுமுணுத்தாள். தோசைக்கல் காயும்வரை இழுப்பாளே, அதே இழுப்பு. தப்பான இடத்தில் அதே மூச்சு. தலையணை உறையும் கையுமாக இறங்கி ஓடினேன்.

சமையலறையில் மகள் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"ஸாரிப்பா. அந்தக் குரலுக்கு நம்ம வீட்டு ட்யூன் ஏதாவது கொண்டு வரச் சொன்னாங்க டைரக்டர். எனக்கு அம்மாவோடதுதான் தெரியும். நீங்க நோன்னா, பாடமாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று தலையணை உறையை மடித்தேன். நவராத்திரிக்கு யார் வீட்டுக் கொலுவுக்குப் போனாலும் சுண்டல் கொடுப்பதற்கு முன் "ஒரு பாட்டு பாடுங்க" என்பார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்பாள் என் மனைவி. எல்லா வீட்டிலும், எல்லா வருடமும். "தொண்டையா, அழுத்தமா?" என்று ஒரு ஆன்ட்டி கேட்டே விட்டார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவளை டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கு முன் பாடவைப்பதா? வேண்டாமென்றால் அந்த இழுப்பு எங்கள் இரண்டு பேரோடு தீர்ந்துபோகும். அதுவும் பயமாக இருந்தது.

இன்று ஒத்திகை. ஹைவே முழுக்க மழை. தியேட்டரின் பின்வாசலில் நிறுத்தினேன். ஒரு காலை வெளியே வைத்தபடி கேட்டாள்.

"அப்பா, இன்னிக்கு டைரக்டர்கிட்ட சொல்லணும்."

வைப்பர் போய்வந்தது.

"பாடு," என்றேன். "ஆனா நீ பாடுறதுல ஒண்ணு விட்டுப்போச்சு. அம்மா நடுவுல டக்குனு நிறுத்துவா. 'கூப்ட்டீங்களா?'ன்னு என்னைக் கேப்பா. நான் கூப்பிட்டே இருக்கமாட்டேன்."

இறங்கி, மழையிலேயே நின்றாள். "நீங்க என்ன சொல்வீங்க?"

"இல்லையேன்னுதான்."

"ஓகே. அங்க நிறுத்தறேன். ஆடியன்ஸ்லேர்ந்து ஆன்சர் பண்ணிடாதீங்கப்பா."